பத்தே முக்கால் விமானம்

கௌரம்மா வீட்டுக் கதவில் பூட்டுத் தொங்கியது.

அய்யாசாமி அதை இழுத்துப் பார்த்தார். மறுபடி இழுத்தார். வெள்ளிக்கிழமை காலை ஐந்தே முக்கால். விஜயநகரில் அந்தத் தெரு இன்னும் எழுந்திருக்கவில்லை.

பூட்டிய வீட்டுக்குள் ஒரு நீலப் பை இருந்தது. பைக்குள் இரண்டு பாஸ்போர்ட்டுகள். ஒன்று முதலாளி லிங்கப்பனுடையது. இன்னொன்று அய்யாசாமியுடையது.

"இன்னும் என்னப்பா?" காருக்குள்ளிருந்து லிங்கப்பன் கேட்டார்.

"பூட்டியிருக்குதுங்க."

"பூட்டியிருந்தா?"

"தொறக்கோணுங்க."

"அதை எங்கிட்டச் சொல்றயா?"

லிங்கப்பனுக்குக் கௌதள்ளிப் பக்கம் கிரானைட் குவாரி. அய்யாசாமி அவருடைய மைசூர் ஆபீஸ் மேனேஜர். பெங்களூரிலிருந்து பத்தே முக்காலுக்கு ஒரு விமானம் கிளம்ப இருந்தது. அதற்கு டிக்கெட் கிடையாது. மொத்தமே எட்டு சீட். இத்தாலியிலிருந்து கல் வாங்க வரும் கார்லோ, தனக்கென்று வாடகைக்குப் பிடித்த தனி விமானம்.

பத்து நாள் முன்பு கார்லோவின் ஃபேக்ஸ் வந்தது. நான்கு பக்கம். அய்யாசாமி அதைத் தமிழில் சொன்னார்.

"மலேசியாவுல கார் பந்தயமுங்க. உலகத்துல பெரிய பந்தயமாம். தனி பிளேன்ல கூட்டிட்டுப் போறாரு. அங்க எறங்குனா ஹெலிகாப்டர். பிளேன்ல சோபா, கட்டில் எல்லாம் இருக்குதாமுங்க."

"சாப்பாடு?"

"மீன் முட்டை தருவாங்களாம்."

"கொழம்பா?"

"பச்சையாவேதானாமுங்க."

"தயிர்சாதம் கட்டிக்கலாம். பந்தயத்துல என்ன பண்ணுவாங்க?"

"அம்பத்தாறு ரவுண்டு சுத்துவாங்க."

"சுத்தி?"

"கெளம்புன எடத்துக்கே வந்து நிப்பாங்க."

லிங்கப்பன் யோசித்தார். "இதுக்கா பிளேன்ல போறது?"

"ரெண்டு வருச ஆர்டருக்கு பிளேன்லயே கையெழுத்துப் போடறேன்னு எழுதியிருக்கறாருங்க."

"அப்பச் செரி. நீயும் வரோணும். எனக்கு இங்கிலீசு ஆகாது." லிங்கப்பன் எழுந்தார். "ஒண்ணு சொல்லிப்போடறேன். இந்த ஆர்டர் தவறுச்சுன்னா மைசூர் ஆபீசை மூடிப்போடுவேன். நீ குவாரிக்கே வந்து லாரி எண்ணு."

அய்யாசாமியின் பிள்ளைகள் இரண்டும் மைசூரில் படித்தன. மனைவி உமாதேவி போன மாதம்தான் வாடகை வீட்டுக்குப் புதுத் திரைச்சீலை தைத்துப் போட்டிருந்தாள். குவாரி விஷயத்தை அவர் வீட்டில் சொல்லவில்லை.

எல்லாம் ஒழுங்காகப் போனது. புதன்கிழமை லிங்கப்பனின் மனைவி மாரக்காள் ஒரு கேள்வி கேட்டாள்.

"வெள்ளிக்கெழமை பத்தே முக்கால்னா ராகு காலமுல்ல?"

அய்யாசாமி காலண்டரைப் பார்த்தார். ராகு காலம்தான்.

"ஒரு மணி நேரம் முன்னாடி எடுக்கச் சொல்லுங்க தம்பி."

"அது ஏர்போர்ட்டுல குடுத்த நேரமுங்கக்கா. மாத்த முடியாதுங்க."

"அப்பப் பரஸ்தானம் வெச்சுப்போடுங்க."

நல்ல நேரத்தில் கிளம்ப முடியாதவர், தன் பொருள் ஒன்றை முன்னாலேயே ஒரு நல்ல நேரத்தில் இன்னொருவர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடலாம். அப்போதே பயணம் தொடங்கிவிட்டதாக அர்த்தம். பிறகு போகிற வழியில் அதை எடுத்துக்கொள்ள வேண்டும். ராகு காலம் ஒன்றும் செய்யாது.

வியாழக்கிழமை காலை, லிங்கப்பனின் பக்கத்து வீட்டுக் கௌரம்மாவிடம் வைப்பதற்காக அய்யாசாமி ஒரு வேட்டியை எடுத்து வந்தார். மாரக்காள் பார்த்தாள்.

"வேட்டியா? வேட்டி இல்லாமயும் போலாமே. எது இல்லாமப் போகவே முடியாதோ அதை வெக்கோணும்."

அய்யாசாமி ஒழுங்கான ஆள். பாஸ்போர்ட்டுகளை வைத்தார்.

"கார்லோவுக்கு மட்டும் தெரியக் கூடாது," என்றார் லிங்கப்பன். "மானம் போயிடும்."

காரணம் இருந்தது. போன வருடம் திருப்பதி போவதற்கு முன் லிங்கப்பன் இப்படித்தான் ஒரு தகரப் பெட்டியைக் கெஸ்ட் ஹவுசில் வைத்தார். அங்கே கார்லோ தங்கியிருந்தார். அதென்ன பெட்டி என்று கேட்டார். அய்யாசாமி ஆங்கிலத்தில் விளக்கினார். கார்லோ கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பிறகு சின்ன நோட்டை எடுத்து ஏதோ எழுதிக்கொண்டார்.

"காட்டான்னு எழுதியிருப்பான்," என்று லிங்கப்பன் ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போது எதிர் வீட்டில் ஒருவர் பல் தேய்த்தபடி வெளியே வந்தார்.

"கௌரம்மாவா? அவ்ரு நேத்து சாயங்காலமே ஸ்ரீரங்கப்பட்டணா ஹோய்ட்டாரு சார். தசரா ரஜா, லீவுதானே? மக வீடு. கோயில் பின்னாடி தெரு."

"நல்லதாப் போச்சு," என்றார் அய்யாசாமி. "பெங்களூர் போற வழிதானுங்க."

டிரைவர் சித்தையன் வண்டியை எடுத்தான்.

ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கௌரம்மா வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். அவர்களைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்தாள்.

"அய்யோ தேவரே, கடவுளே! இன்னிக்கா போறது? நாளைக்குன்னு நெனச்சனே!"

"பை எங்கீங்க?"

"அங்கயே இருக்கு. பூஜை ரூமில் வெச்சு, பூவும் வெச்சிருக்கேன். பத்திரமா இருக்கு." அவள் முந்தானையிலிருந்து சாவியை அவிழ்த்துக் கொடுத்தாள்.

காரில் ஏறப் போன அய்யாசாமி திரும்பிப் பார்த்தார். லிங்கப்பன் ஏறவில்லை.

"நான் வல்ல. கெளம்புன வாசலுக்குத் திரும்பக் கூடாது. நீ போயிட்டு வா. பஸ் ஸ்டாண்டுல நிக்கறேன்."

மைசூருக்குள் தசராக் கூட்டம். ஊர்வல ஒத்திகைக்கு யானைகள் போய்க்கொண்டிருந்தன. யானைகள் அவசரப்படவில்லை. விஜயநகர் வந்து சேர ஏழரை ஆகிவிட்டது.

அய்யாசாமி பூட்டைத் திறந்தார். பூஜை அறைக்குப் போனார். பூ இருந்தது. பை இல்லை.

சமையலறையில் தேடினார். கட்டிலுக்கு அடியில் தேடினார். மறுபடி பூஜை அறைக்கு வந்து பூவைத் தூக்கிப் பார்த்தார்.

மதில் சுவருக்கு மேல் மாரக்காளின் தலை தெரிந்தது.

"பையவா தேடறீங்க தம்பி? அதை அப்பவே அனுப்பிப்போட்டனே!"

"எப்படிங்கக்கா? வீடு பூட்டியிருந்துதே."

"வெளக்கேத்தச் சொல்லி கௌரம்மா பின்வாசல் சாவியக் குடுத்துட்டுத்தானே போனா. போய்ப் பாத்தா பை அப்படியே இருக்குது. எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப்போச்சு."

அய்யாசாமி தன் கையிலிருந்த சாவியைப் பார்த்தார். "சாவி உங்ககிட்டயா இருந்துதுங்க?"

"நீங்க கேட்டீங்களா?"

"நாங்க வாசல்லயே நின்னமேங்க. நீங்க ஒரு எட்டு வந்து பாத்திருக்கலாமே."

"பயணம் போறவங்கள நின்னு பாக்கக் கூடாதுன்னு நான் உள்ள போயிட்டேன்."

"பை இப்ப எங்கீங்க?"

"ஏழு மணி பெங்களூர் பஸ்ஸுல. கண்டக்டர் நஞ்சுண்டசாமி நம்ம ஆளுதான். ஏர்ப்போர்ட்டுலயே கொண்டுபோய்க் குடுத்தர்றேன்னு சொன்னாரு. ஆட்டோ புடிச்சுப் போய் நானே குடுத்துட்டு வந்தேன்." மாரக்காள் திருப்தியாகச் சிரித்தாள். "நீங்க நிம்மதியாப் போங்க."

சித்தையன் விரட்டினான். ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு வந்தார்கள். பஸ் ஸ்டாண்டில் லிங்கப்பன் இல்லை.

பூ விற்ற பெண்ணிடம் அய்யாசாமி அடையாளம் சொன்னார்.

"வெள்ளைச் சட்டை, பெரிய வாட்ச்சா? பெங்களூர் பஸ்ஸில் ஏறிட்டாரே."

"எதுக்கு?"

"எனக்கெப்படித் தெரியும்? பூ வாங்கினா பேரு கேப்பேன். அவர் வாங்கல."

அய்யாசாமிக்குப் புரியவில்லை. சித்தையனுக்கும் புரியவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து புரியாமல் மத்தூர் வரை போனார்கள். அங்கே பஸ் நின்றிருந்தது. கண்டக்டர் நஞ்சுண்டசாமி வடை தின்றுகொண்டிருந்தார்.

"பையா? அதை உங்க ஓனரே வாங்கிக்கிட்டாரல்லா. ஸ்ரீரங்கப்பட்டணாவில் என் மடியில் பையைப் பாத்தாரு, ஓடி வந்து ஏறிட்டாரு."

அய்யாசாமிக்கு மூச்சு வந்தது. பஸ்ஸுக்குள் பார்த்தார். "எங்க அவரு?"

"மண்டியாவில் எறங்கிட்டாரு."

"ஏன்?"

"உங்களுக்கு போன் பண்ண. பை கெடச்சாச்சு, தேட வேண்டாம்னு சொல்லணுமாம்." நஞ்சுண்டசாமி விரலைத் துடைத்துக்கொண்டார். "பஸ் நிக்காது சார்னு சொன்னேன். கேக்கல."

கார் திரும்பியது. மண்டியாவில் ஒரு எஸ்.டி.டி. பூத்துக்குள் லிங்கப்பன் உட்கார்ந்திருந்தார். மடியில் நீலப் பை.

"எங்கய்யா போயிட்டே? வீட்டுக்கு நாலு தடவ போன் பண்ணிட்டேன்."

"உங்களத் தேடித்தானுங்க மத்தூர் வரைக்கும் போனோம்."

"பை எங்கிட்ட இருக்கறப்ப என்னை எதுக்குத் தேடறே?"

மணி ஒன்பது நாற்பது. பெங்களூர் இன்னும் நூறு கிலோமீட்டர்.

"மொதலாளி," என்றான் சித்தையன், "நாமளும் மூணு ரவுண்டு சுத்தியாச்சுங்க."

"வாய மூடுறா."

அய்யாசாமி அதே பூத்திலிருந்து விமானக்காரர்களுக்கு போன் செய்தார். பைலட் எடுத்தார். டயர் பஞ்சர், கொஞ்சம் தாமதமாகும், கார்லோவிடம் சொல்ல வேண்டும் என்றார் அய்யாசாமி. பைலட் சொன்னதைக் கேட்டுவிட்டு போனை மெதுவாக வைத்தார்.

"என்னங்கறான்?"

"கார்லோ அங்க இல்லைங்களாம். காலையில ஆறு மணிக்கே வெளிய போயிட்டாராம். யாரையோ தேடிட்டிருக்கறாராம். டாக்சி வெச்சுக்கிட்டுத் தெருத்தெருவாத் தேடறாராம்."

"கோபமா?"

"இப்படி ஒரு நாளும் பாத்ததில்லேன்னு பைலட்டு சொல்றாருங்க."

"யாரத் தேடறான்?"

"நம்மளத்தானுங்க இருக்கும்."

"ஆறு மணிக்கு நாம லேட்டே ஆகலியே."

"அதுதானுங்க எனக்கும் புரியல."

லிங்கப்பன் பையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "பஞ்சர்னுதானே சொன்னே?"

"ஆமாங்க."

"பரஸ்தானம்னு சொல்லலியே?"

"இல்லீங்க."

"அது போதும்."

பத்தே முக்கால் ராமநகரத்தில் ஆனது. லிங்கப்பன் வாட்ச்சைப் பார்த்தார். அய்யாசாமி அவர் பார்ப்பதைப் பார்த்தார். சித்தையன் ரோட்டை மட்டும் பார்த்தான். வெளியே பாறைகள் நகர்ந்தன. அய்யாசாமிக்குக் குவாரி ஞாபகம் வந்தது. வெள்ளைத் தூசி. தகரக் கொட்டகை. போகிற லாரிக்கு ஒரு கோடு, வருகிற லாரிக்கு ஒரு கோடு. திரைச்சீலையைக் கழற்றி மடிக்கலாம். கொட்டகைக்கு ஜன்னல் இல்லை.



பெங்களூர் ஏர்போர்ட்டை அடைந்தபோது மணி பன்னிரண்டரை. கம்பி வேலிக்கு அப்பால் அய்யாசாமி பார்த்தார். ஒரு சின்ன வெள்ளை விமானம் நின்றிருந்தது. படிக்கட்டு இறக்கியிருந்தது. படிக்கட்டில் ஒரு பெண் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"நிக்குதே!" என்றார் லிங்கப்பன். "ஏன் நிக்குது?"

அய்யாசாமி கேட் காவலாளியிடம் போய் விசாரித்துவிட்டு வந்தார்.

"காலையில போன வெள்ளைக்காரரு இன்னும் வரலைங்களாம். ரெண்டு தடவ வந்து எதிர்ப்பக்கம் பாத்துட்டு, கத்திட்டுப் போனாராம்."

"நம்ம வண்டி வருதான்னு பாத்திருக்கறான். செத்தோம்."

"கால்ல விழுந்துடலாமுங்க."

"நீ விழு. நான் ஓனரு."

எதிர்ப்பக்கம் ஒரு பெட்டிக்கடை. தகரக் கதவு பூட்டியிருந்தது. ஒரு ஆட்டோ வந்து நின்றது. ஒரு பெண் அவசரமாக இறங்கிப் பூட்டைத் திறந்தாள். கடைச் சொந்தக்காரி ராமக்காள்.

"டீ கெடைக்குமாம்மா?" என்றார் லிங்கப்பன். அவருக்கு நாக்கு வறண்டிருந்தது.

"இருங்கண்ணா, இப்பத்தான் வரேன். ஓசூர்ல தங்கச்சி வீடு. நேத்தே திரும்பறேன்னு இருந்தேன், அவ விடல."

அவள் கதவைத் தள்ளினாள். உள்ளே வெயில் விழுந்தது. ஸ்டவ், பால் கேன், பன் டப்பா. பன் டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு தோல் பெட்டி. பித்தளைப் பூட்டு. பெட்டியின் மேல் ஒரு குங்குமப் பொட்டு, ஒரு முழம் மல்லிகை.

அய்யாசாமிக்கு அந்தப் பெட்டியைத் தெரியும். போன வருடம் கெஸ்ட் ஹவுஸ் மாடிக்கு அவர்தான் அதைத் தூக்கிக்கொண்டு போனார்.

"இது யாருதும்மா?"

ராமக்காள் ஸ்டவ்வுக்குக் காற்றடித்துக்கொண்டே சொன்னாள்:

"அந்தப் பிளேன்காரரோடதுண்ணா. பாஸ்போர்ட்டு எல்லாத்தையும் உள்ளயே வெச்சுட்டு, காலையிலேருந்து கடைக்காரி எங்கே எங்கேன்னு என்னைத் தேடிட்டு அலையறாராம், ஆட்டோக்காரரு சொன்னாரு. நேத்து நல்ல நேரம் பாத்துக் கொண்டாந்து வெச்சாரு. பரஸ்தானமாம்!"