மச்சானோடு மரியாதையாக ஒரு பூப்பந்தாட்டம்

சனிக்கிழமை எனக்கு இருந்த வேலை ஒன்றுதான். கிள்ளானுக்குப் போய், மச்சானோடு சேர்ந்து இரட்டையர் ஆட்டம் ஒன்று ஆடித் தோற்றுவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்ப வேண்டும்.

தோல்வியை இப்படி முன்கூட்டியே சொல்வது தன்னடக்கம் அல்ல, வழக்கம். ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கான அந்தப் போட்டியில் ஒவ்வோர் ஆண்டும் முதல் சுற்றிலேயே வெளியேறுகிறவர்கள் நாங்கள்.

மச்சான் என்றால் குணா, என் மனைவி மாலாவின் அண்ணன். அடுத்த மாதம் அவருக்கு முட்டி ஆபரேஷன். அதற்குப் பிறகு ராக்கெட்டைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இதுதான் கடைசிப் போட்டி. அதனால் அவருக்கு ஓர் ஆசை வந்துவிட்டது.

"ஃபைனல் எல்லாம் வேணாம் மாப்ள. ரெண்டாவது சுத்துல போய் தோத்தா போதும். மனுசனுக்கு ஒரு முன்னேற்றம் வேணுமா இல்லையா?"

நியாயமாகத்தான் பட்டது. ஆகவே முந்தைய வாரம் பிரிக்பீல்ட்ஸில் நடந்த விளையாட்டு உளவியல் கூட்டம் ஒன்றுக்கு அவரை அழைத்துப் போனேன். பேசியவர் நித்யா என்ற இளம் பெண். பேச்சு முடிந்ததும் நாங்கள் அவரைப் பிடித்துக்கொண்டோம்.

"கோர்ட்டுல ரெண்டு பேரும் எப்படி பேசிக்குவீங்க அங்கிள்?" என்று கேட்டார்.

மச்சான் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"வீட்டுல மாப்ள. கோர்ட்டுல எரும," என்றார் மச்சான். "இவரு என்னைய செவிட்டு மூதேவிம்பாரு. சாதாரணமாதான்மா."

நித்யா சிரிக்கவில்லை. பொறுமையாகச் சொன்னார். "போன பாயிண்ட்ட பத்திப் பேசாதீங்க அங்கிள், அது போயிடுச்சு. அடுத்த பாயிண்ட்டுக்கு என்ன செய்யணும்னு மட்டும் சொல்லுங்க. மூச்ச மெதுவா விடுங்க. ஒருத்தர ஒருத்தர் மதிச்சு ஆடுங்க. அப்பதான் ஆடுறதுலயும் ஒரு சந்தோஷம் இருக்கும்."

நல்ல அறிவுரை. அதில் மதித்து ஆடச் சொன்னதை மட்டும் நாங்கள் வீட்டுக்கு எடுத்துப் போனோம்.

சனிக்கிழமை எதிரே நின்றவர்கள் டயர் கடை வைத்திருக்கும் அண்ணன் தம்பி. ஆட்டம் ஆரம்பிக்கும் முன்பே ஒருவரையொருவர் திட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பாவமாக இருந்தது. உளவியல் தெரியாதவர்கள்.

என் முதல் சர்வீஸ் வழக்கம்போல் நெட்டில் விழுந்தது.

"பரவால்லைங்க மாப்ள. நல்ல முயற்சி," என்றார் மச்சான்.

"நன்றிங்க மச்சான்."

அடுத்த பந்து எங்கள் இருவருக்கும் நடுவே வந்தது. இருவரும் அதைப் பார்த்தோம். அது தரையில் இறங்கி, ஒரு பக்கம் சாய்ந்து, நின்றது.

"மன்னிச்சிடுங்க மச்சான். நீங்க எடுப்பீங்கன்னு நின்னுட்டேன்."

"இல்லைங்க. உங்களுக்கு வசதியா இருக்கும்னு நான்தான் விட்டுக் குடுத்தேன்."

ஐந்தாறு புள்ளிகள் இப்படியே விட்டுக்கொடுத்தோம். அப்போதுதான் எனக்கு ஒன்று புரிய ஆரம்பித்தது. 'பின்னாடி போ எரும' என்பதில் எருமையை எடுத்துவிட்டாலும் பின்னாடி போவது மிஞ்சும். நாங்கள் இரண்டையும் சேர்த்து எடுத்துவிட்டோம். பாராட்டு நிறைய இருந்தது. யார் எங்கே ஓடுவது என்பது மட்டும் அதில் இல்லை.

டயர் கடைத் தம்பி நெட்டுக்கு அருகில் வந்து மெதுவாகக் கேட்டான். "அங்கிள், ஓகேவா? ரெண்டு பேருக்கும் ஏதும் பேச்சுவார்த்தை இல்லையா?"

முதல் செட்டை இரட்டை இலக்கத்தைத் தொடாமலே இழந்தோம்.

இடைவேளையில் மாலா கோர்ட் ஓரத்துக்கு வந்து நின்றாள். முகம் சரியில்லை.

இந்த இடத்தில் எங்கள் குடும்பத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். எங்கள் வீட்டில் சண்டையின் முதல் அறிகுறி மரியாதை. கத்திக்கொண்டிருக்கிற வரை உறவு பத்திரம். 'வாங்க, உக்காருங்க, தண்ணி குடிக்கிறீங்களா' என்று யாராவது ஆரம்பித்துவிட்டால், அப்புறம் இரண்டு தீபாவளிக்கு ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போக மாட்டார்கள்.

"என்னாங்க ஆச்சு? அண்ணன் உங்கள வாங்க போங்கன்னு கூப்பிடுறாரு," என்றாள் மாலா.

"அது சைக்காலஜி மாலா."

"என்கிட்ட மறைக்காதீங்க. அண்ணிகிட்ட கேட்டேன். என்ன விசயம்னு அவங்களுக்குத் தெரியுமாம்."

எனக்கே தெரியாத விஷயம் அண்ணிக்கு எப்படித் தெரியும் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே சாரதா அக்கா வந்துவிட்டார். மச்சானின் மனைவி. கையில் ஆரஞ்சு வெட்டி வைத்த டப்பா. கண் கலங்கியிருந்தது.

"தம்பி, அந்த மேசை விசயத்த இன்னும் மனசுல வெச்சிருக்கீங்களா?"

"எந்த மேசை அக்கா?"

"எங்க மகன் கல்யாணத்துல உங்கள சமையக்கட்டு வாசல்கிட்ட உக்கார வெச்சாங்களே."

ஷா ஆலமில் நடந்த கல்யாணம். மண்டபத்தில் இடம் போதவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். சாப்பாடு சூடாக வந்ததில் கொஞ்சம் சந்தோஷப்பட்டும் இருந்தேன்.

"நான் முன் வரிசையிலதான் போட்டிருந்தேன் தம்பி. இவருதான் மாத்துனாரு. மேடைக்கிட்ட உக்கார வெச்சா நீங்க மைக்க வாங்கிடுவீங்களாம். அப்புறம் யாருக்கும் சோறு கிடையாதாம்."

"சாரதா, ஆரஞ்ச குடுத்துட்டுப் போ," என்றார் மச்சான். பிந்திவிட்டது.

நடுவர் விசில் அடித்தார்.

இரண்டாவது செட்டில் என் முதல் சர்வீஸ் நெட்டை உரசியபடி தாழ்வாகப் போய் அந்தப் பக்கம் விழுந்தது. வாழ்க்கையில் நான் அப்படி ஒரு சர்வீஸ் போட்டதில்லை. யார் பார்க்கிறார்கள் என்பதெல்லாம் நினைவிலேயே இல்லை. நினைவில் இருந்தது சமையற்கட்டு வாசல் மட்டும்தான்.

"நான் எவ்ளோ நேரம் பேசிடுவேன்?" என்றேன் மச்சானிடம்.

"போன பாயிண்ட்ட பத்திப் பேசக்கூடாதுன்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சுல்ல?"

"இது பாயிண்ட் இல்ல, மேசை."

"பின்னாடி வருது பாரு, போ எரும!"

போனேன். ஓங்கி அடித்தேன். அண்ணன் தம்பி இருவரும் விலகிக்கொண்டார்கள்.

"நான் கேட்டனா?" என்றார் மச்சான் அடுத்த சர்வீஸுக்குக் குனிந்தபடி. "உங்க புதுமனை புகுவிழாவுக்கு நான் குடுத்த கடிகாரம் இப்ப சுபாங் ஜெயாவுல வேற யாரு வீட்லயோ தொங்குது. நான் ஒரு வார்த்த கேட்டனா?"

"செவிட்டு மூதேவி, நெட்டுக்கு போ!"

போனார். கெட்டுப்போன முட்டியோடு அவர் நெட்டுக்குப் பாய்ந்த வேகத்தைப் பார்த்து மாலா எழுந்து நின்றுவிட்டாள்.

"பேசிக்கிட்டே ஆடாதீங்க லா," என்று நடுவர் இரண்டு முறை எச்சரித்தார். டயர் கடைக்காரர்களோ தங்களுக்குள் திட்டிக்கொள்வதையே நிறுத்திவிட்டார்கள். எங்கள் பேச்சைக் கேட்பதில்தான் அவர்கள் கவனம் இருந்தது. கடிகாரம் யார் வீட்டில் தொங்குகிறது என்று தெரிந்துகொள்வதற்காகவே தம்பி ஒரு பந்தைத் தவறவிட்டான் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது செட் எங்களுக்கு. மூன்றாவதும் எங்களுக்கு.

மச்சான் கோர்ட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். முட்டியைத் தடவிக்கொண்டு சிரித்தார். இத்தனை வருடத்தில் தோற்ற பிறகு அவர் சிரித்துப் பார்த்திருக்கிறேன். இது வேறு சிரிப்பு. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"இவ்ளோ நல்லா நான் ஆடுனதே இல்ல மாப்ள. அந்த மேசைக்கு மன்னிச்சிடு. ஆனா மைக்க குடுத்திருந்தா நீ விட்டிருக்க மாட்ட."

"மாட்டேன்," என்று ஒப்புக்கொண்டேன். "கடிகாரம் தப்புதான் மச்சான். சத்தம் தாங்கல, தூக்கிக் குடுத்துட்டோம்."

"தெரியும். அதனாலதான் எனக்கு அத குடுத்தவங்களும் குடுத்திருப்பாங்க."

இருவரும் ஆரஞ்சு சாப்பிட்டோம். மனம் லேசாக இருந்தது. யார் மேலும் ஒரு வருத்தமும் இல்லை.

திடீரென்று மச்சான் மெல்லுவதை நிறுத்தினார்.

"மாப்ள, கோவம் போயிடுச்சா?"

"சுத்தமா போயிடுச்சு மச்சான்."

"எனக்கும்." அவர் முகம் வாடிவிட்டது. "சாயங்காலம் ரெண்டாவது சுத்து. எத வெச்சு ஆடுறது?"

மாலா கைத்தொலைபேசியை எடுத்தாள். "இருங்க, எங்க செலாயாங் அக்காவுக்கு போன் போடுறேன். இந்த மாதிரி பழைய விசயம் அவங்ககிட்ட நெறைய இருக்கும்."