பெரியம்மாவின் இடமாற்றம்

ஜூன் ஒன்பது. மனித குலம் இதுவரை கண்ட நிர்வாகங்களிலேயே ஒழுங்கானது கோழிக்கூடுதான். அந்த ஒழுங்கில் அன்று ஒரு சிறு தவறு நேர்ந்துவிட்டது. அதற்கு முழுப் பொறுப்பு தம்பியுடையது.

தம்பி, பகலில் ஓர் அலுவலகத்தின் பணியாளர் பிரிவில் இளநிலை எழுத்தர். மாலையில் நிர்வாகவியல் வகுப்பு மாணவன். மருத்துவமனையில் செவிலியான அவன் அக்கா, வேலைக்குக் கிளம்பும்போது சொன்னது எளிமையானது. புதிதாக வாங்கிய நான்கு இளங்கோழிகளைக் கம்பி வலைக்கு இந்தப் பக்கம் வை. பழைய கோழிகள் அந்தப் பக்கம் இருக்கட்டும். ஒன்றையொன்று பார்த்துப் பார்த்துச் சலித்த பிறகு திறந்துவிடலாம். ஆனால் முந்தின மாலைதான் வகுப்பில் 'புதியவர்களை வரவேற்றல்' பாடம் நடந்திருந்தது. தம்பி வலையை நீக்கினான். கொல்லை நடுவில் சோளத்தைத் தூவி 'அறிமுகக் கூட்டம்' கூட்டினான்.

கூட்டத்துக்கு மூத்த கோழி தலைமை தாங்கியது. வீட்டில் அதற்குப் பெரியம்மா என்று பெயர். சோளம் முதலில் பெரியம்மாவுக்கு, மிச்சம் அடுத்தவளுக்கு என்பது அங்கே விதி. விதி தெரியாத இளங்கோழி ஒன்று, நிறத்தால் சாம்பல் என்று பெயர் பெற்றது, முதல் மணியைப் பொறுக்கியது. பெரியம்மா அதன் முதுகில் ஒரு வாய் இறகைப் பிடுங்கி 'விளக்கம் கோரினாள்'. பிறகு மற்ற மூத்த உறுப்பினர்களும் பதவி வரிசை பிசகாமல் விளக்கம் கோரினார்கள்.

தம்பி முறைப்படி நடந்துகொண்டான். 'பாதிக்கப்பட்டவரின் பாதுகாப்பு கருதி' சாம்பலை எடுத்துச் சமையலறையில் ஓர் அட்டைப்பெட்டியில் அமர்த்தினான். மறுநாள் திரும்ப விட்டான். ஒரு நாள் கண்ணில் படாததால் சாம்பல் மறுபடி புதியவள் ஆகியிருந்தாள். கோழிகள் முதலிலிருந்து தொடங்கின. தூக்கினான். விட்டான். கொத்தின. மற்ற மூன்று இளங்கோழிகளும் இதற்குள் எங்கே ஒதுங்குவது, எப்போது தின்பது என்று கற்றுக்கொண்டுவிட்டன. சாம்பல் மட்டும் தினமும் முதல் நாள் வேலைக்குச் சேர்ந்துகொண்டிருந்தது.

முதுகில் ரத்தம் கசிந்த அன்று அக்கா விடுப்பில் இருந்தாள். புண்ணைத் துடைத்து மருந்து போட்டபடியே விசாரித்தாள். பாதுகாப்புக்காகத்தான் மாற்றி மாற்றி வைத்ததாகத் தம்பி விளக்கினான்.

"ரத்தத்தப் பாத்துட்டா எல்லாம் சேர்ந்து கொத்தும்டா. இன்னொரு தடவை இத அப்படி உள்ள விட்டா, குழி நீதான் வெட்டணும்."

சாம்பல் கண்ணை மூடிக்கொண்டு பெட்டியின் மூலைக்கு முகத்தைத் திருப்பி நின்றது. தண்ணீரைக்கூடத் தொடவில்லை. தம்பி கிண்ணத்தை அதன் அலகருகே நகர்த்தினான்.

"இப்ப என்னக்கா பண்றது?"

"கொத்துறவள மாத்து."

"பெரியம்மாவயா? அவங்க சீனியர்க்கா."

"கோழிடா அது."

"ஜூனியருக்காக சீனியர மாத்தினா மத்தவங்க மனசு என்ன ஆகும்?"

"நிம்மதியா முட்டை போடும்."

பெரியம்மா பின்பக்கக் கூண்டுக்கு 'சிறப்புப் பணியில்' அனுப்பப்பட்டாள். தனித் தீனி, தனித் தண்ணீர், மரியாதைக்குக் குறைவில்லை. புண் காய்ந்ததும் சாம்பல் கூட்டத்துக்குள் விடப்பட்டது. தலைவி இல்லாத மற்ற கோழிகள், பேருக்கு ஒரு கொத்து கொத்திவிட்டுத் தங்கள் வேலையைப் பார்த்தன. சில நாள் கழித்துப் பெரியம்மா திரும்பியபோது அவள் இடம் போயிருந்தது. கொஞ்ச நேரம் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தாள். பிறகு வரிசையின் கடைசியில் போய் நின்றாள். தீனித் தொட்டியில் சாம்பல் தலை தூக்காமல் தின்றுகொண்டிருந்தது. தம்பி அன்று இரண்டு முறை கொல்லைக்குப் போய் அதைப் பார்த்துவிட்டு வந்தான்.

மறுநாள் அலுவலகத்தில் மேலாளர் அவனைக் கூப்பிட்டார். புதிதாகச் சேர்ந்த பெண், பிரிவுத் தலைவர் எல்லார் முன்னாலும் தன் மேல் கோப்புகளை வீசுவதாகப் புகார் கொடுத்திருந்தாள். அவள் பாதுகாப்பு கருதி அவளை வேறிடத்துக்கு மாற்றச் சொன்னார்.

தம்பி தயங்கி, "சார், எங்க வீட்டுல ஒரு கோழி…" என்று ஆரம்பித்தான்.

"கோழிய அப்புறம் பாக்கலாம்ப்பா. அவரு எவ்வளவு சீனியர், தெரியுமில்ல?"

தெரியும் என்றான். கோழிகளுக்கு அறிவு போதாது. அதனால்தான் கொத்துகிற கோழியைப் பிடித்து அடைக்க வேண்டியிருக்கிறது. மனிதர்கள் அந்த நிலையைக் கடந்து வெகுகாலம் ஆகிறது.

நாளைய வேலை: புதுப் பெண்ணின் மேசையை மாடிப்படிக்குக் கீழுள்ள அறைக்கு மாற்றுவது. அங்கே பல்பு இல்லை. ஒன்று வாங்க வேண்டும்.