கண் திறந்த ஹெச்.எம்.

"சார், இதுலயும் மூடிட்டார்."

'ஃபிளாஷ்' என்று பட்டப்பெயர் வாங்கிய மாணவன் கேமராவை நீட்டினான். கணக்கு வாத்தியார் எட்டிப் பார்த்தார். ஹெச்.எம்.மின் கோட்டு, டை, புன்சிரிப்பு எல்லாம் அமர்க்களம். கண்கள் மட்டும் சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தன. பள்ளி ஆண்டு மலரின் முதல் பக்கத்துக்காக மாணவர் குழு எடுத்த படங்கள் எல்லாவற்றிலும் இதே தூக்கம்தான். மாலைக்குள் அச்சகத்துக்கு அனுப்பியாக வேண்டும்.

மலர்ப் பொறுப்பு இந்த வருடம்தான் வாத்தியார் தலையில் விழுந்தது. அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருப்பதே அவருக்கு மறந்துவிட்டது.

"அடுத்த வருஷமும் இதே கூத்துன்னா நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன். அப்புறம் என்னை போட்டோவுலதான் பார்க்கணும்" என்று மனைவி காலையில்தான் சொல்லியிருந்தாள்.

ஹெச்.எம்.மிடம் கெஞ்சிப் பார்த்தார். "மொதல்ல மலர் எப்படி வருதுன்னு பார்ப்போம்" என்று பதில் வந்தது. நன்றாக வந்தால் விடுதலை என்று அவரே கணக்குப் போட்டுக்கொண்டார். கணக்கு வாத்தியார் அல்லவா!

நூலகத்துக்கு ஓடினார். போன வருடம் மலரைப் பார்த்துக்கொண்டது நூலக மேடம்தான்.

"மேடம், போன வருஷ மலர் ஒண்ணு குடுங்க. அதுல இருக்கிற படத்தையே போட்டுடறோம்."

"ஒண்ணுகூட இல்லையே சார். ஹெச்.எம்.மே வந்து எல்லாத்தையும் அள்ளிட்டுப் போயிட்டார்."

"அவ்வளவு பிடிச்சுப்போச்சா!" என்றார் வாத்தியார். மேடம் குனிந்து ஒரு புத்தகத்துக்கு அட்டை போட ஆரம்பித்தார்.

"ரெடின்னு சொன்னாத்தானே சார் மூடறார்? சொல்லாமலே எடுத்துடறேன்" என்றான் ஃபிளாஷ். கதவுக்குப் பின்னாலிருந்து குதித்து எடுத்தும் விட்டான். கண் திறந்திருந்தது. வாயும் திறந்திருந்தது. உள்நாக்குவரை தெரிந்தது.

"பயாலஜி மிஸ்ஸோட கண்ணை வெட்டி ஒட்டிடலாம் சார்" என்றாள் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்த எடிட்டர் பெண். ஒட்டினாள். ஹெச்.எம். கண்ணில் மை தீட்டிக்கொண்டு பார்த்தார்.

"மையை அழி! மையை அழிம்மா!"

அழித்தாள். புருவமும் சேர்ந்து போய்விட்டது.

"ஐயோ, அப்படியே சேவ் பண்ணிட்டேன் சார்!"

அச்சகத்திலிருந்து மூன்றாவது தடவையாக போன் அடித்தது. இருவரையும் இழுத்துக்கொண்டு ஹெச்.எம். அறைக்குள் நுழைந்த வாத்தியாருக்குத் திடீரென்று ஒன்று தோன்றியது.

"சார், நேரமாயிடுச்சு. மொதல் பக்கத்துல உதவி ஹெச்.எம். படத்தையே போட்டுடலாம்னு..."

ஹெச்.எம்.மின் கண்கள் அகலத் திறந்தன. அவை அவ்வளவு பெரியவை என்று அன்றுதான் எல்லோருக்கும் தெரிந்தது. கிளிக்!

"...பசங்க சொன்னாங்க சார். நான் விடுவேனா? உங்க படம்தான்னு சொல்லிட்டேன்!"

ஹெச்.எம். வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார். கிளிக்! கண் முதல் படத்திலிருந்து, மீதி முகம் இரண்டாவதிலிருந்து. எடிட்டர் பெண் ஒட்டி முடித்ததும் மூவரும் வராந்தாவில் குதித்தே விட்டார்கள்.

வெளியீட்டு விழாவில் ஹெச்.எம். முதல் பக்கத்தைப் புரட்டினார். அப்படியே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மைக்கைப் பிடித்தார்.

"இந்தப் பள்ளிக்கூடத்துல இப்படி ஒரு மலர் வந்ததே இல்ல! இனிமே கணக்கு வாத்தியார் ரிட்டயர் ஆகிற வரைக்கும் மலர்ப் பொறுப்பு அவருக்குத்தான்!"

கைதட்டல் மண்டபத்தைப் பிளந்தது. முன்வரிசையில் வாத்தியாரின் மனைவி மட்டும் தட்டவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

வாத்தியார் அழாத குறையாக, பக்கத்து நாற்காலியிலிருந்த நூலக மேடம் பக்கம் சாய்ந்தார்.

"உங்களை மட்டும் எப்படி மேடம் ஒரே வருஷத்துல விட்டார்?"

"நான் அந்தத் தூங்கற படத்தையே போட்டுட்டேன் சார்."