எத்தனாவது சேதி?

லாரிக்காரன் ஊட்டுல எழவு உழுந்தா சேதி சொல்லத் தனியா ஆள் வேண்டாம், ரோடே சொல்லிரும். அதை நம்பித்தானுங்க நான் கெட்டேன்.

அப்ப நாமக்கல்லுல நான் லாரி கிளீனர். எந்த ரோடு தெறந்திருக்குது, எந்தப் பாலம் போச்சுன்னு அவனவன் கண்ணுல பாத்ததை எதுக்க வார வண்டிக்கெல்லாம் சொல்லுவான். கேட்டவன் கூட்டாம கொறைக்காம அடுத்தவனுக்குச் சொல்லுவான். ஆனா "வெடியால பாத்தது", "மத்தியானம் பாத்தது"ன்னு சேத்துச் சொல்லோணும். ஒரே சேதி நாலு வழியில சுத்தி வரும், எது புதுசுன்னு தெரியோணுமல்ல? அதை வெச்சு அவனவனே கிட்டத்து வழியப் புடிச்சுக்குவான்.

அப்பா காச்சல்ல கெடந்தாரு. ஒரு நாள் வெடியால மூச்சைக் காணோம். அம்மா மார்ல அடிச்சுக்கிச்சு. நான் டீக்கடைக்கு ஓடி, நின்ன லாரிக்கெல்லாம் சொன்னேன்: "அப்பா போயிட்டாரு, கெங்கவல்லில எங்கக்காகிட்டச் சொல்லிருங்க." ராசிபுரம் வழியா கொஞ்சம் வண்டி, சேலம் சுத்திக் கொஞ்சம். ஊட்டுக்கு வந்தா அப்பா கண்ணு முழிச்சுட்டு, "எங்கடா போன? டீயாச்சும் வாங்கியாந்தயா?"ங்கறாரு. (டீ இல்லீங்க, கையில மாலை இருந்துச்சு.)

மறுக்கா ஓடுனேன். "போகலைங்க, இருக்காரு!"

அடுத்த நாள் நெசமாவே போயிட்டாரு. மறுபடி ஓடி, "அப்பா போயிட்டாரு"ன்னேன். எப்பன்னு சொல்லல. பாலம் ஒடஞ்சா நேரம் சொல்ற வாயி, அப்பன் செத்ததுக்கு வரல.

அக்கா மொத சேதிக்கு அழுதுக்கிட்டே பொறப்பட்டு, ஆத்தூர் பஸ் ஸ்டாண்டுல ரெண்டாவதைக் கேட்டு, சிரிச்சுக்கிட்டே திரும்பிட்டா. அதுக்கப்பறமும் பழைய சேதியே வேற வேற லாரில வந்துக்கிட்டு இருந்திருக்குது. நெச சேதி போனப்ப அக்கா ஊட்டுக்காரர், எங்க மாமா, லாரி டிரைவர்கிட்டச் சொன்னாராம்: "அட, அது பழசுங்க. சேலம் சுத்தி இப்பத்தான் வருதாட்ட இருக்குது."

பொழுது சாயற மட்டும் சுடுகாட்டுல காத்திருந்தோம். "வருவா, வருவா"ன்னேன். அப்பறம் கொள்ளி வெச்சேன்.

மறுநா அக்கா வந்தா. பை நெறையாச் சாத்துக்குடி. "எங்கடா செத்துப் பொழச்ச மனுசன்?"னு செருப்பைக் கழட்டிக்கிட்டே சிரிச்சா. என்ற மொட்டைத் தலையப் பாத்தா. பைய எறக்கவே இல்ல.

இப்ப எங்கூட்டுல சோறு வெந்துச்சுன்னு சொன்னாக்கூட மாமா கேப்பாரு: "எத்தனாவது சேதி மாப்ள?" எல்லாரும் சிரிப்போம். அக்கா மட்டும் கொஞ்சம் தாமசமாச் சிரிப்பா.

போன மாசம் ஒரு லாரிக்காரர் அக்கா சொல்லியனுப்புனதை அப்படியே ஒப்பிச்சாரு:

"எனக்குப் பையன் பொறந்திருக்கான். இன்னைக்கு வெடியால. இது மொத சேதி. ரெண்டாவது ஏதாச்சும் வந்தா நம்பிராத. பொறப்பட்டு வா சாமி."