ஆறு செட்டும் ஒரே காட்டுக்குப் போன திங்கட்கிழமை

படிக்காதவர்கள் தப்புச் செய்தால் திட்டு விழும், அதோடு முடிந்துவிடும். படித்தவர்கள் செய்யும் தப்பு பிரிண்ட் எடுக்கப்பட்டு, சீட்டுச் சீட்டாக வெட்டப்பட்டு, ஆளுக்கொன்றாகக் கொடுக்கப்படும். நான் படித்தவள்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்துவிட்டு, ஏதாவது ஒரு கம்பெனி கூப்பிடாதா என்று நாகலூர் வீட்டில் போனை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அம்மா பக்கத்துக் காப்பி எஸ்டேட்டில் மேஸ்திரி. பழம் பறிக்கும் பெண்கள் இருபது பேர் சேர்ந்தால் ஒரு செட். செட்டுக்கு ஒரு மேஸ்திரி. மொத்தம் ஆறு செட். பதினேழு வருஷம் கூடை சுமந்த பிறகு அம்மாவுக்குக் கிடைத்த பதவி அது. (வீட்டில் அப்பாவையும் என்னையும் ஏழாவது செட்டாகத்தான் நடத்தினாள்.)

எந்த செட் எந்தக் காட்டில் பறிப்பது என்று வாராவாரம் எஸ்டேட் கணக்குப்பிள்ளையான ரைட்டர்தான் எழுதிக் கொடுப்பார். காடு என்றால் புலி நடமாடும் காடு இல்லை, எஸ்டேட்டில் ஒரு பகுதி. ஓடைக்காடு, ஆரஞ்சுக்காடு, பாறைக்காடு என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. ஒரு செட் ஒரு காட்டில் கை வைத்துவிட்டால் அந்த செட்தான் அதை முடிக்க வேண்டும். நடுவில் இன்னொரு செட் கூடையோடு நுழைந்தால் அது அடுத்த வீட்டு அடுப்பில் போய்ச் சட்டி வைப்பது மாதிரி. கைக்கெட்டும் கிளையை வந்தவர்கள் உருவிக்கொண்டு, ஏறிப் பறிக்கிற வேலையை நமக்கு விட்டுப் போய்விடுவார்கள் என்று பயம்.

அந்த வருஷம் பழம் மும்முரமாகப் பழுக்கிற நேரத்தில் ரைட்டர் முழங்கால் ஆபரேஷனுக்காக சேலம் போய்விட்டார். மானேஜர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்க, "என்ற பொண்ணு கம்ப்யூட்டரு படிச்சிருக்குதுங்க சார்" என்று அம்மா சொல்லிவிட்டாள். மானேஜருடைய மாமா ஒருவர், ரிட்டயரான கணக்கு வாத்தியார், ஒரு புரோகிராம் எழுதி வைத்திருந்தார். சரிவு, தூரம், பழுத்த அளவு எல்லாம் பார்த்து நியாயமாகக் காடு பிரித்துக் கொடுக்கும். எழுதியது ஃபோர்ட்ரான் என்கிற பழைய கம்ப்யூட்டர் மொழியில். அந்தக் கிழட்டு மொழியை நான் தொடவே வேண்டாம். விவரத்தை உள்ளே அனுப்பி, விடையை வாங்கிச் சீட்டு அச்சடிக்க மட்டும் இந்தக் காலத்துப் பைத்தான் மொழியில் எழுதினால் போதும். இரண்டு நாள் வேலை, ஒன்றரை நாளில் முடித்தேன். (மிச்சம் பிடித்த அந்த அரை நாளைப் பற்றிப் பிற்பாடு நிறைய யோசித்திருக்கிறேன்.)

விடை ஓர் அட்டவணை. ஆறு செட், ஆறு நாள், முப்பத்தாறு கட்டம். ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்குப் போகும்போது அட்டவணை கட்டம் கட்டமாகப் போகாது. முப்பத்தாறு எண்ணும் நீளமாக ஒரே வரிசையில் நின்று போகும், வாங்குகிறவர் மறுபடி கட்டத்தில் நிரப்பிக்கொள்ள வேண்டும். ஃபோர்ட்ரான் மேலிருந்து கீழாக எடுத்து அனுப்பும். பைத்தானோ, நாமாகச் சொல்லாவிட்டால், இடமிருந்து வலமாக நிரப்பும். இதைப் பரீட்சையில் எழுதி மார்க் வேறு வாங்கியிருக்கிறேன். புரோகிராமில் சொல்லத்தான் மறந்துபோனேன்.

ஆறுக்கு ஏழாக இருந்திருந்தாலாவது எல்லாம் கந்தல்கோலமாகி, பார்த்ததும் தெரிந்திருக்கும். ஆறுக்கு ஆறு என்பதால் செட் இருக்க வேண்டிய இடத்தில் நாளும், நாள் இருக்க வேண்டிய இடத்தில் செட்டும் சத்தமில்லாமல் மாறி உட்கார்ந்துகொண்டன. சோதித்துப் பார்க்கவில்லையா என்றால், பார்த்தேன். முப்பத்தாறு கட்டத்திலும் ஓடைக்காடு என்று போட்டு அனுப்பினேன். முப்பத்தாறு ஓடைக்காடும் பத்திரமாக வந்து சேர்ந்தன.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சீட்டை அம்மாவிடம் நீட்டினேன். அவள் அதைத் தள்ளிப் பிடித்து ஒவ்வொரு வரியாக வாசித்தாள்.

"ஏங் கண்ணு, ஒரு செட்டுக்கு ஒரு காடுதான? இதுல திங்க ஓடக்காடு, செவ்வா ஆரஞ்சுக்காடுன்னு நாளுக்கொண்ணு போட்டிருக்குது?"

"கம்ப்யூட்டர் எல்லாத்தையும் யோசிச்சுதாம்மா போடும். உனக்குப் புரியாது."

பதினேழு வருஷம் அந்தச் சரிவில் ஏறி இறங்கியவளிடம் சொன்னேன். இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது.

சாயங்காலம் அவரவர் சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு மற்ற ஐந்து மேஸ்திரிகளும் எங்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். ஆறாம் செட் மேஸ்திரி ராசம்மாதான் பேசினாள்.

"ஏனுங்கக்கா, நாளுக்கொரு காடுன்னா எப்புடிங்க? வழக்கத்த மாத்தி, நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா?"

"ஆச்சுன்னா நா மேஸ்திரி வேலைய உட்டுப்போட்டு உன்ற செட்டுல பழம் பறிக்க வர்றன். போதுமா?"

நான் நிலைப்படியில் சாய்ந்து, அம்மா சொல்வது ரொம்ப நியாயம் என்பது போலத் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை காலை பனி விலகுவதற்குள் அம்மாவின் செட் ஓடைக்காட்டில் இறங்கியது. கொஞ்ச நேரத்தில் இரண்டாம் செட் வந்தது. பின்னாலேயே மூன்றாவது. இப்படியே ஆறு செட்டும், மொத்தம் நூற்று இருபது பெண்கள், ஒரே காட்டில். மற்ற ஐந்து காட்டிலும் காக்கா குருவி இல்லை. பாராட்டு வாங்கலாம் என்று தலை சீவிப் பவுடர் போட்டுக்கொண்டு நான் போனபோது, யார் கூடையை யார் உதைத்தது என்பதில் விவாதம் நடந்துகொண்டிருந்தது.

அம்மா ஆறு சீட்டையும் வாங்கி ஒரு பாறைமேல் வரிசையாக வைத்துப் பார்த்தாள். ஆறிலும் ஒரே எழுத்து, ஒரே வரிசை. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்:

"என்னத்துக்குச் சண்ட? வேணும்னுதான் இப்புடிப் போட்டிருக்கா. நாளுக்கு ஒரு காடு, எல்லாரும் ஒண்ணாச் சேந்து பறிச்சு முடிக்கோணும். புது முறை."

அம்மா பொய் சொல்லி அதுவரை நான் பார்த்ததில்லை. நன்றாகவே சொன்னாள்.

எனக்கு முழுசாக விளங்கியது ராத்திரிச் சாப்பாட்டின்போதுதான். நான் சொல்லச் சொல்ல அம்மா சாப்பிட்டுக்கொண்டே கேட்டாள்.

"தப்புத்தான? அப்ப நாளைக்கே வேற சீட்டு குடுத்துரலாம் சாமி."

திருத்துவதற்கு ஓர் எழுத்துச் சேர்த்தால் போதும். நான் சேர்க்கவில்லை. "வேண்டாம்மா. ஒரு செட் ஆறு நாள் பறிச்சாலும், ஆறு செட் ஒரு நாள் பறிச்சாலும் மொத்த வேலை ஒண்ணுதானே?" என்றேன். கணக்கு சரிதான். உண்மையில் நான் மானேஜர் முகத்துக்குப் பயந்தேன்.

நான்கு நாள் திருவிழா மாதிரிப் போயிற்று. நூற்று இருபது பேர் பேச்சும் சிரிப்புமாகப் பறித்தார்கள், மானேஜர்கூட "நல்ல ஐடியாம்மா" என்றார். நானும் கூச்சமே இல்லாமல் "தேங்க்ஸ் சார்" என்றேன். ஆனால் ராசம்மா செட்டுக்கு வந்திருக்க வேண்டிய பாறைக்காட்டில் திங்கட்கிழமையிலிருந்து ஒரு கை படவில்லை. அதன் முறை சனிக்கிழமை. மரத்தில் நிற்கிற பழத்துக்கு மொத்த வேலை ஒன்றுதான் என்று யார் போய்ச் சொல்வது? வெள்ளிக்கிழமை மத்தியானம் காற்றும் மழையுமாகப் பிடித்துக்கொண்டது.

சனிக்கிழமை நாங்கள் போனபோது பாதிப் பழம் சேற்றில் கிடந்தது. ஆறு செட்டும் குனிந்து பொறுக்கியது. நானும் பொறுக்கினேன். அட்டைகள் கால் விரலிடுக்கில் குடியேறின, எனக்கு அது தேவைதான். ராசம்மா என் காலில் இருந்த அட்டைகளுக்கு உப்புப் போட்டுவிட்டாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

சாயங்காலம் எடை போடும் இடத்தில், எல்லோர் முன்னாலும், அம்மா மானேஜரிடம் போய் நின்றாள்.

"பொண்ணு போட்டது தப்புங்க சார். வேணும்னு போட்டதுன்னு நாஞ் சொன்னது பொய்ங்க. திங்கக்கெழமையிருந்து நா ராசம்மா செட்டுல பறிக்கறனுங்க."

ராசம்மா பதறிவிட்டாள். "அக்கா, அது என்னமோ பேச்சுக்குச் சொன்னது, உடுங்கக்கா!"

"நா பேச்சுக்குச் சொல்லலயே ராசம்மா."

மானேஜர் மூன்று தடவை கூப்பிட்டுச் சொல்லிப் பார்த்தார். ரைட்டர் ஊன்றுகோலோடு திரும்பி வந்ததும் வீட்டுக்கே வந்து சொன்னார். அம்மா அசையவில்லை. வேலையை விட்டு நிற்கும்வரை அந்த செட்டில் பறிக்கிற ஆளாகவே இருந்தாள். கேட்டால், "மேஸ்திரின்னா ஒரே ரோதன. இங்க நொம்ப நல்லாப் பேசிக்கிட்டுப் பறிக்கறம்" என்பாள். நான் அதை நம்பியதில்லை. அவள் பதவியைத் தின்றது நான்தான்.

இப்போது எனக்குப் பெங்களூரில் வேலை. ஒரு மொழியில் எழுதியதை இன்னொரு மொழியோடு சேர்த்து வைக்கிற வேலையேதான். (இன்டர்வியூவில் பாறைக்காட்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை.) வீட்டில் நான் எதையாவது அடித்துச் சொல்லிவிடக் கூடாது. சேலம் பஸ் ஆறரைக்குத்தான், சாம்பாருக்கு உப்புப் போட்டாயிற்று, எதுவானாலும் சரி. உடனே என் வீட்டுக்காரர், "தப்பாப் போச்சுன்னா யாரு வேலைய உடறது?" என்பார். அப்பா சிரிப்பார். எங்கள் வீட்டுப் பக்கமே வராத ராசம்மாவின் மருமகள்கூட என் கல்யாணப் பந்தியில் இதைச் சொல்லிச் சிரித்ததாகக் கேள்வி.

அம்மா மட்டும் சிரிக்க மாட்டாள். "அவ சொன்னாச் செரியாத்தான் இருக்கும்" என்பாள். அதைக் கேட்டதும் எழுந்து போய் இன்னொரு தரம் பார்த்துவிட்டு வருவேன்.