பெரட்டுக்கு வந்த பிணங்கள்

பிணங்களில் ஒன்றைக் காணவில்லை.

மரியகொரட்டி பவுடர் பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடியும் ஒருமுறை பார்த்தாள். தேயிலைத் தோட்டத்து லய வீடுகளின் வாசலில் குந்தியிருந்த பிணங்கள் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தன. கன்னம் கிழிந்தது இருந்தது. ஒற்றைக் கண் இருந்தது. குடல் தொங்கியது இருந்தது. கழுத்து வெட்டுப்பட்டதைத்தான் காணோம்.

"பவாஸ் எங்கடா?"

"அவசரமா ஒதுங்கணும்னு லயத்துக்குப் பின்னால போனான் அக்கா. வந்துருவான்," என்றான் அவள் தம்பி ஜொனி. அவன் மூங்கில் குச்சிகளைக் கட்டிச் செய்த முக்காலியில் ஃபோனை நிறுத்திக்கொண்டிருந்தான். அதுதான் அவனுடைய கேமரா.

"போய் எவ்வளவு நேரம் ஆச்சு? அந்தக் கழுத்து வெட்டுக்கே எனக்குக் காலையில பாதிப் பொழுது போச்சு. பனியில நனைஞ்சா பீட்ரூட் சாயம் வயித்து வரைக்கும் ஓடிரும்டா."

"ஓடட்டும் அக்கா. இன்னும் பயமா இருக்கும்."

மரியகொரட்டிக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. பசறை பஸ் நிலையத்துக்கு எதிரே, மாடியில், மணப்பெண் அலங்காரக் கடை வைத்திருப்பவள் அவள். மூன்று நாள் காய்ச்சலில் கிடந்த பெண்ணைக்கூட மேடையில் சிரிக்க வைத்துவிடுவாள். உயிரோடு இருப்பவர்களைச் சாகடிக்கச் சொல்லி யாரும் அவளிடம் வந்ததில்லை. ஜொனிதான் வந்தான். பண்டாரவளையில் ஃபோன் திருத்துகிற கடையில் வேலை பார்த்தவன், அடுத்த வாரம் கட்டாருக்குப் போகிறான். "அங்க போனா ரெண்டு வருசத்துக்கு முதலாளி மூஞ்சியத்தான் பார்க்கணும். அதுக்கு முன்னால ஒரு படம் எடுத்துட்டுப் போயிருறேன் அக்கா" என்று அவன் கேட்டபோது அவளால் மறுக்க முடியவில்லை.

படத்தின் கதையைக் கேட்டபோது மறுத்திருக்கலாமோ என்று தோன்றியது. ஒரு தோட்டத்தில் செத்துப்போனவர்கள் எல்லாம் ஒருநாள் விடியற்காலையில் குழியை விட்டு எழும்பி, கூடையை மாட்டிக்கொண்டு, வழக்கம்போலக் காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்துக்கு வந்து வரிசையில் நின்றுவிடுகிறார்கள். யாரையும் கடிப்பதில்லை. இன்றைக்கு எந்த மலையில் கொழுந்து எடுக்க வேண்டும் என்று சொல்லும்வரை நகர மாட்டோம் என்கிறார்கள். கங்காணிக்குத்தான் உயிர் போகிறது.

"இதை யாருடா பார்ப்பா?" என்று கேட்டாள்.

"எல்லாரும் பார்ப்பாங்க அக்கா. பெரிய படத்துல ஆயிரம் பிணம் வரும், கொட்டாவிதான் வரும். நம்ம மாதிரிச் சின்னப் படத்துல பிணம் ரப்பர் செருப்புப் போட்டிருக்கிறது தெரியும். அதைப் பார்த்துச் சிரிப்பாங்க. சிரிச்சுக்கிட்டே இருக்கிறப்ப, இது நம்ம பக்கத்து வீட்டு ஆள் மாதிரி இருக்கேன்னு ஒரு நினைப்பு வரும் பாருங்க. அப்ப அடிவயித்துல ஒண்ணு சில்லுனு ஓடும். அதுக்குத்தான் அக்கா இந்தப் படமெல்லாம்."

அடிவயிற்றில் ஓடுவதற்குப் படம் தேவையில்லை, இந்த இடமே போதும் என்று அவளுக்குப் பட்டது. போன வருடத்துப் பெருமழையில் லயத்துக்குப் பின்னால் மலையில் வெடிப்பு விழுந்துவிட்டது. எந்த நேரமும் சரியலாம் என்று ஆட்களை எல்லாம் இறக்கிக் கீழே கூடாரங்களில் கொண்டுபோய் வைத்தார்கள். அதற்குப் பிறகு இங்கே ஆளில்லை. லயத்து அறைகளான காம்பராக்களின் கதவுகளில் பூட்டுகள் துருவேறித் தொங்கின. ஆனாலும் இந்த மேல் லயத்தில் புகை தெரிகிறது, பிள்ளை அழுகிற சத்தம் கேட்கிறது என்று ரோட்டோரத் தேத்தண்ணிக் கடையில் பேசிக்கொண்டார்கள். அதைக் கேட்ட உடனே ஜொனி துள்ளிக் குதித்து இந்த இடத்தைப் பிடித்துவிட்டான்.

பகல் வெளிச்சம் இருந்தும் எதிரே இருந்த தேயிலை மலை தெரியவில்லை. பனி மூட்டம் லயத்தின் கூரையைத் தடவிக்கொண்டு போனது. பனிக்குள்ளிருந்து கருவாடு சுடுகிற வாசம் வந்தது.

"ஜொனி, உனக்கு வாசம் வருதா?"

"கீழேயிருந்து வரும் அக்கா."

"காத்து மேல இருந்துதானே அடிக்குது?"

ஜொனி பிணங்களின் பக்கம் திரும்பினான். "சிவஞானம்! நீ போய் பவாஸைக் கூட்டிட்டு வா மச்சான்!" என்று கத்தினான்.

ஒற்றைக் கண் பிணம் எழுந்தது. மற்றக் கண்ணை மரியகொரட்டி பசை போட்டு மூடியிருந்ததால், சுவரைத் தடவித் தடவி லயத்தின் பின்பக்கம் போய் மறைந்தது. சற்று நேரத்தில் தகரம் ஒன்று விழுகிற சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

சிவஞானமும் வரவில்லை.

"இப்ப ரெண்டு பிணம் குறையுது," என்றான் சுரேஸ். கங்காணியாக நடிக்க வந்தவன் அவன்தான். காக்கிக் காற்சட்டையும் ஒட்டு மீசையுமாக இருந்தான். காலையிலிருந்து அந்த மீசை நடுங்கிக்கொண்டே இருந்தது. "ஜொனி, நாம போயிருவோமா?"

"பனி கலையுறதுக்குள்ள எடுத்துருவோம். இருக்கிற பிணம் போதும். நீ போய்க் களத்துல நில்லு. உன் பயம் அப்படியே இருக்கட்டும், நல்லா இருக்கு."

பிணங்கள் கூடையை மாட்டிக்கொண்டு பனிக்குள் போய் நின்றன. ஜொனி கையை உயர்த்தினான். அவை காலை இழுத்து இழுத்து வரத் தொடங்கின. சுரேஸ் திக்கித் திணறி, "நீங்கல்லாம்... செத்துட்டீங்கன்னு... சொன்னாங்களே!" என்றான்.

அப்போதுதான் வரிசைக்குப் பின்னால், லயத்தின் மூலையில், இன்னும் ஒன்று வந்து நின்றது.

"பவாஸ் வந்துட்டான்!" என்றான் ஜொனி.

மரியகொரட்டி கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். தலையோடு கம்பளி போர்த்திய உருவம் அது. அதன் முகம் சுண்ணாம்புச் சுவர்போல வெளுத்திருந்தது. அவளுக்கு வந்தது பயம் அல்ல, கோபம்.

"என் வேலையை எல்லாம் துடைச்சிட்டு எதையோ அப்பிக்கிட்டு வந்திருக்கான் பாருடா! கழுத்துல கோடு தெரியுது. முகம் வேற நிறம், கழுத்து வேற நிறம். இப்படி ஒரு மேக்கப்பை என் கடையில யாராவது போட்டா அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிருவேன்."

"தூரத்துக்குத் தெரியாது அக்கா. பவாஸ்! மச்சான்! இந்தப் பக்கம் வா, காலை இழுத்து நட!"

உருவம் நடக்கவில்லை. நின்ற இடத்திலேயே இரண்டு கைகளையும் மெல்ல உயர்த்தியது. ஊளை போன்ற ஒரு சத்தம் அதனிடமிருந்து எழுந்தது. களத்தில் நின்ற பிணங்கள் திரும்பிப் பார்த்தன.

"நல்லா இருக்கு!" என்று கத்தினான் ஜொனி. "இன்னும் சத்தமா! யாரும் கேமராவைப் பார்க்காதீங்க!"

ஊளை சட்டென்று நின்றது. ஆளைக் கொல்லும் ஊளை ஒன்றை விட்டுப் பாராட்டு வாங்கினால் எப்படி இருக்குமோ, அப்படி அந்த உருவம் திகைத்து நின்றது. பிறகு முன்னைவிட உரக்க ஊளையிட்டது. அதன் பக்கத்தில் நெட்டையாக இன்னொன்று வந்தது. அதன் முகம் முழுவதும் கூந்தல் விழுந்து கிடந்தது.

"சிவஞானத்துக்கு ஏதுடா அவ்வளவு முடி?" என்றாள் மரியகொரட்டி.

"எங்கயோ கண்டுபிடிச்சிருக்கான் அக்கா. நல்ல நடிகன்னா இப்படித்தான்."

கூரைத் தகரத்தில் கல் ஒன்று விழுந்து உருண்டது. இன்னொன்று விழுந்தது. பூட்டிக் கிடந்த கடைசிக் காம்பராவுக்குள்ளிருந்து ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. யாரோ வாயைப் பொத்தியதுபோல அழுகை பாதியில் நின்றது.

"அது யாருடா?" என்று கேட்டான் சுரேஸ். அவன் ஒட்டு மீசையின் ஒரு பக்கம் கழன்று உதட்டில் தொங்கியது.

"யாரோ சத்தம் எல்லாம் சேர்த்துத் தர்றாங்க. சும்மா நில்லு!" என்றான் ஜொனி. ஆனால் அவன் குரலும் கொஞ்சம் இறங்கியிருந்தது.

மரியகொரட்டிக்கு அந்தக் கழுத்துக் கோட்டைத் தாங்க முடியவில்லை. மற்றதெல்லாம் பிறகு. ஊருக்குக் காட்டப்போகிற படத்தில் தன் பெயர் வரும், அதற்குக் கீழே இந்தக் கோடும் வரும். பவுடர் பஞ்சை எடுத்துக்கொண்டு பனிக்குள் நடந்தாள்.

பத்தடி போனதும் ஜொனி மறைந்துவிட்டான். உருவமும் மூலையை விட்டு லயத்தின் பின்பக்கம் நகர்ந்திருந்தது. லயத்தின் பின்னால் நிலம் பிளந்து கிடந்தது. அந்தப் பிளவுக்குள்ளிருந்து பனி மூச்சுவிடுவதுபோல மேலே வந்துகொண்டிருந்தது. மண்ணில் காலடிகள் தெரிந்தன. வெறுங்காலடிகள். சிறியவையும் இருந்தன. படத்துக்கு வந்த யாரும் செருப்பைக் கழற்றவில்லையே என்று நினைத்துக்கொண்டே, தனக்கு முதுகு காட்டி நின்ற கம்பளியின் தோளில் கையை வைத்தாள்.

தோள் சில்லென்று நனைந்திருந்தது.

"திரும்பு பவாஸ். ஒரு நிமிசம் அசையாம நில்லு, சரி பண்ணிட்டுப் போயிருறேன்."

அவள் ஃபோன் அடித்தது. மறு கையால் எடுத்தாள்.

"அக்கா, நான் பவாஸ் பேசுறேன்."

மரியகொரட்டி தோளிலிருந்து கையை எடுக்க மறந்துபோனாள்.

"எங்கடா... எங்கடா இருக்க?"

"கீழ ரோட்டு வளைவுல நிக்கிறேன் அக்கா. சிவஞானமும் என்கூடத்தான். ஒரு பஸ்ஸும் நிக்க மாட்டேங்குது. எங்களைக் கண்டதும் பாட்டை நிப்பாட்டி, பேய்க்குப் பயந்து சாமிமார் ஓதுற பிரித்தைப் போட்டுட்டு, டிரைவர் பறக்குறான்."

"ஏன்டா கீழ போனீங்க?"

"பின்னால வெள்ளையா ஒண்ணு நின்னிச்சு அக்கா." பவாஸின் குரல் உடைந்தது. "சத்தியமா அது நீங்க போட்ட மேக்கப் இல்ல."

கம்பளி மெல்லத் திரும்பியது.

அது ஒரு பெண். அவள் கண்களைச் சுற்றிக் கரி பூசியிருந்தது. வெள்ளைக்கு நடுவே அந்தக் கண்கள் இமைக்காமல் மரியகொரட்டியைப் பார்த்தன. வாய் திறந்தது.

"யேசுவே!" என்று மரியகொரட்டி போட்ட அலறலில் தேயிலைக்குள்ளிருந்து குருவிகள் கலைந்து பறந்தன.

"சூப்பர் அக்கா!" ஜொனியின் குரல் பனிக்குள்ளிருந்து வந்தது. "அப்படியே நில்லுங்க! நான் கிட்ட வர்றேன்!"

சுரேஸ் அதற்கு மேல் நிற்கவில்லை. ஓடினான். அவன் ஓடியதைப் பார்த்துப் பிணங்களும் ஓடின. பனியில் திசை தெரியாமல், ரோட்டுப் பக்கம் போவதாக நினைத்துக்கொண்டு, நேரே லயத்தின் பின்பக்கம் வந்து சேர்ந்தன. கிழிந்த கன்னமும் தொங்குகிற குடலும் கூடையுமாக, வாயைப் பிளந்து அலறிக்கொண்டு அவை வருவதை வெள்ளை முகம் கண்டது.

"ஐயோ, மாரியாத்தா!"

கதறிக்கொண்டு அது மரியகொரட்டியின் கழுத்தைக் கட்டிப்பிடித்தது.

மரியகொரட்டி கண்ணை மூடிக்கொண்டாள். முடிந்தது என்று நினைத்தாள். கடையின் சாவி பையில் இருக்கிறது, யாரிடம் கொடுப்பது என்றும் நினைத்தாள். பிறகுதான் மெல்ல மெல்ல யோசனை வந்தது. பேய் சாமியைக் கூப்பிட்டதாக அவள் எங்கேயும் கேள்விப்பட்டதில்லை. தன் நெஞ்சோடு ஒட்டிக்கிடந்த அந்த இன்னொரு நெஞ்சு, உரலில் இடிப்பதுபோல இடித்துக்கொண்டிருந்தது. தன் தோளில் ஒட்டியிருந்த வெள்ளையை விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தாள். முகர்ந்து பார்த்தாள்.

கோதுமை மா.

"ஓடாதீங்கடா!" என்று பிணங்களைப் பார்த்துக் கத்தினாள். "நில்லுங்கடா, சும்மா!"

பிணங்கள் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றன. பனி கொஞ்சம் விலகியது. கூந்தல் மூடிய நெட்டை உருவம் முடியை ஒதுக்கிக் கொண்டை போட்டுக்கொண்டது. அது ஒல்லியான ஒரு பெண்பிள்ளை. முன்பக்கம் பூட்டுத் தொங்கிய காம்பராக்களின் பின்சுவரில் பலகைகள் நகர்ந்தன. உள்ளே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒரு கிழவர் வெளியே எட்டிப் பார்த்தார். அவர் கையில் கூரைமேல் எறிய வைத்திருந்த கல் இன்னும் இருந்தது. 

ஜொனி ஃபோனைத் தாழ்த்தினான்.

"நீங்கல்லாம் யாருங்க?" என்று கேட்டாள் மரியகொரட்டி. 

கம்பளிக்காரி மூக்கைத் துடைத்தாள், பாதி மா அதோடு போய்விட்டது. கன்னம் கிழிந்த பிணத்தின் கிட்டே போய், அந்தக் கிழிசலை ஒரு விரலால் பயந்து பயந்து தொட்டாள். தொட்ட விரலைப் பார்த்தாள். திரும்பித் தொட்டாள். பிறகு மரியகொரட்டியிடம் வந்து, அவள் கையிலிருந்த பஞ்சைப் பார்த்தபடி, தயங்கித் தயங்கிக் கேட்டாள்:

"கூடாரத்துல பிள்ளைகளை வச்சுக்கிட்டு இருக்க முடியாம ஒளிச்சு வந்து எங்க காம்பராவுலயே கெடக்கிறோம் அக்கா, லயத்தை உடைக்க நாளைக்கு மெஷினோட ஆள் வருதாம், அவங்களை விரட்டணும், வெறும் கோதுமை மாவுக்கு இப்பல்லாம் யாருமே பயப்பட மாட்டேங்கிறாங்க, எங்களுக்கும் இதே மாதிரி ஒரு தரம் போட்டு விட்டுட்டுப் போறீங்களா?"