ஒரு மேட்ச் மேனேஜர்

பந்தை ஒருநாளும் உருப்படியாக உதைக்காதவனுக்குத்தான் கால்பந்தைப் பற்றி அபிப்பிராயங்கள் அதிகம். இருபத்தொரு வயதில் எனக்கிருந்த அபிப்பிராயங்களை மூட்டை கட்டினால், உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரம் போகும் பஸ்ஸின் கூரை தாங்காது. எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கைக் கோட்டைவிட்டு, வேலைவெட்டி இல்லாமல், கரீம் பாயின் சைக்கிள் கடையில் பேப்பரைச் சத்தமாகப் படித்துக் காட்டுவதையே உத்தியோகமாகச் செய்துகொண்டிருந்தேன். (சம்பளம் ஒரு டீ. மழை நாளில் சேர்த்து ஒரு பொறை.)

நம் நாட்டு டீம் ஒலிம்பிக்ஸில் நாலாவதாக வந்து, அந்தப் பேச்சு ஊரெல்லாம் ஓடிக்கொண்டிருந்த சமயம். எல்லோரும் ஆட்டக்காரர்களைப் பற்றிப் பேசினார்கள். நான் மட்டும் மேனேஜர்களைப் பிடித்துக்கொண்டேன். கல்கத்தா டீம் மேனேஜர், பம்பாய் டீம் மேனேஜர், வெள்ளைக்கார தேசத்து மேனேஜர்கள் என்று ஒருவரையும் விடாமல் எடைபோட்டேன். இவர்களில் யாரையும் நான் பார்த்ததில்லை. பேப்பரில் வந்த போட்டோ போதுமானதாக இருந்தது.

எங்கள் ஊர் டீமின் கேப்டன் ஆரோக்கியம்தான் எனக்கு எதிர்க்கட்சி. சென்டர் பார்வர்டு ஆடுபவன். நல்ல கால். நல்ல மனசு. என் பேச்சை மட்டும் அவனால் தாங்க முடியாது.

"ஒலிம்பிக்ல நாலாவது வந்தது மேனேஜர் தெறமை இல்லாம இன்னாடா, ராயப்பா?" என்று என்னிடம் மல்லுக்கு வந்தான்.

"ஆடுனவன் காலு அது. மேனேஜருக்கு இன்னா வேலை கீது? வேளைக்குச் சோறு போடணும், முதுவுல தட்டிக் குடுக்கணும். அவ்ளோதான். நல்ல டீமை வெச்சிக்கினு ஜெயிக்கிறவன் மேனேஜரா? மட்டமான டீமைக் குடுத்துப் பாரு. அப்பத் தெரியும் எவன் நெஜமா பெரியவன்னு."

இந்தக் கொள்கையின்படி கல்கத்தாக்காரரை நடுவிலும், ஒரு வெள்ளைக்காரரை அதற்குக் கீழேயும் தள்ளினேன். கடைசி இடத்துக்கு யார் என்று ஆரோக்கியம் கேட்டான். அங்கேயே எழுந்து வீட்டுக்குப் போயிருக்கலாம்.

"நம்ம பாய்தான்" என்றேன்.

கவிழ்த்துப் போட்ட சைக்கிளுக்குப் பின்னால் கரீம் பாய் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். எங்கள் டீமுக்கு அவர்தான் மேனேஜர். பந்து அவருடையது, காற்றடிக்கும் பம்பும் அவருடையது. மேட்ச் நாளில் ஆளுக்கு ஒரு சொம்பு நீர்மோர், ஆஃப் டைமில் ஒரு எலுமிச்சைத் துண்டும் வெல்லமும். அதற்கு மேல் ஒரு பருக்கை கொடுக்கமாட்டார். கஞ்சத்தனம் என்பது என் தீர்ப்பு. அதையும் சொன்னேன், கொஞ்சம் சத்தமாகவே.

பாய் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். கோபமெல்லாம் இல்லை. பந்தையும் பம்பையும் என் மடியில் வைத்தார்.

"ஞாயித்துக்கெழமை தாமல் டீமோட மேட்ச் கீது. நீயே மேனேஜரா இருபா. நானு ஒரு நாளு குந்திக்கினு வேடிக்கை பாக்கறேன்."

அது சாதாரண மேட்ச் இல்லை. மதராஸிலிருந்து ஒரு மில்லைச் சேர்ந்த சார், தங்கள் டீமுக்கு ஆள் பொறுக்க வருவதாக இருந்தது. அவர் கண்ணில் பட்டவனுக்கு மில்லில் நிரந்தர வேலை. எங்கள் தெருவில் எல்லோரும் கூலிக்குக் களை பறித்து, வயலில் வரப்போரம் அண்டை வெட்டிப் பிழைப்பவர்கள். மில் வேலை என்றால் மோட்சம். அது ஆரோக்கியத்துக்குத்தான் என்று ஊரே முடிவு கட்டியிருந்தது. எங்கள் நைனா ஒரு படி மேலே போய், "மில் வேலை வந்துட்ச்சின்னா ஆவணில ரோசியக் கட்டிக் குடுத்துடறேன்" என்று வாக்கே கொடுத்திருந்தார். ரோசி என் தங்கை. ஆக, நண்பனின் வேலையும் தங்கையின் கல்யாணமும் அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையில், என் தலையில். (ரோசியை யாராவது கேட்டார்களா என்று இப்போது நீங்கள் கேட்கிறீர்கள். அப்போது எங்களுக்குத் தோன்றவில்லை.)

மேனேஜர் என்றால் சோறு போடுபவன். என் கொள்கையை நிரூபிக்க இதைவிட நல்ல நாள் கிடைக்காது. கேழ்வரகுக் கூழ் குடித்துக்கொண்டு ஆடுகிற பையன்கள், அரிசிச் சோறும் கோழிக் குழம்பும் தின்றால் எப்படிப் பறப்பார்கள் என்று கணக்குப் போட்டேன். (கணக்கில்தான் நான் தவறியவன்.) வீட்டுக்கு வீடு அரிசி வசூலித்தேன். கோழிக்கு ரோசியிடம் போனேன்.

ரோசியின் கோழிகளை யாரும் தொட முடியாது. ஒருமுறை ஒரு சேவல் மேல் விளையாட்டாகக் கல் விட்டதற்கு, ஒரு வாரம் என்னோடு பேசாமல் இருந்தவள். பயந்துகொண்டேதான் விஷயத்தைச் சொன்னேன்.

"எத்தினி வேணும்ணா?" என்றாள்.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். வரப்போகிற புருஷனுக்காக ஒரு பெண் எதைத்தான் விடமாட்டாள் என்று நைனாவிடம் சொன்னேன். அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஞாயிறு பூசை முடிந்ததும் எங்கள் வீட்டுக்குப் பின்னால் தையல் இலை போட்டுப் பதினோரு பேரையும் உட்காரவைத்தேன். ரோசியே பரிமாறினாள். ஆரோக்கியத்தின் இலையில் சோறு மலையாக நின்றது.

"போதும் ரோசி."

"இன்னா போதும்? நீதான ஓடப்போற. இன்னொரு கரண்டி ஊத்திக்க."

அந்த ஒரு கரண்டி முடிந்ததும் இன்னொன்று. அவள் கையால் போடுவதை மறுக்க அவனுக்கு மனசு வரவில்லை. வெட்கப்பட்டுக்கொண்டே தின்றான். மற்றவர்களும் கேப்டனுக்குச் சளைக்கவில்லை. வரிசையின் கடைசியில், கோல் கம்பத்தைக் காக்கும் எங்கள் கோலி சவரி உட்கார்ந்திருந்தான். அவன் முறை வந்தபோது, கையளவு சோறும் மேலாக இரண்டு சொட்டுக் குழம்பும் விழுந்தன. கறி தீர்ந்துவிட்டது என்றாள் ரோசி.

"வுடு, கோலிதான. நிக்கறவனுக்கு எதுக்குக் கறி?" என்றேன் நான். (அன்று நான் எடுத்த முடிவுகளில் டீமுக்கு உதவியது இது ஒன்றுதான்.)

சவரி நல்ல கோலியா, மோசமான கோலியா என்பது யாருக்கும் தெரியாது. ஆரோக்கியமும் கூட்டாளிகளும் பந்தை எதிராளி பக்கத்திலேயே வைத்திருப்பார்கள். இவன் கம்பத்தில் சாய்ந்துகொண்டு மாடு மேய்க்க வந்தவர்களோடு ஊர்க்கதை பேசுவான்.

வற்றிக் கிடந்த ஏரிக்குள்தான் மைதானம். வைகாசி வெயில். மில் சார் குடை பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கரீம் பாய் ஒரு கடலைப் பொட்டலத்தோடு கரைமேல் வசதியாகச் சம்மணம் போட்டிருந்தார்.

விசில் ஒலித்தது. ஆரோக்கியம் பந்தை நோக்கிப் பாய்ந்தான். பாதி வழியில் நின்றான். இடுப்பில் கை வைத்து, வானத்தைப் பார்த்து ஓர் ஏப்பம் விட்டான். அது கரைவரைக்கும் கேட்டது. பின்வரிசையில் ஆடும் பேக் ஒருவன் தரையில் உட்கார்ந்து பந்து தானாக வருமா என்று காத்திருந்தான். இன்னொருவன் கருவேல மரத்துப் பக்கம் அவசரமாகப் போனவன், ஆஃப் டைமுக்குத்தான் திரும்பினான்.

"ஓடு ஆரோக்கியம், ஓடு" என்று கத்தினேன்.

"நீ வந்து ஓட்றா. எனுக்கு வவுத்துக்குள்ள கோழி கொக்கரிக்குது."

ஆஃப் டைமுக்குள் நாலு கோல் வாங்கியிருந்தோம். சோறு போட்டாகிவிட்டது, கொள்கையின் அடுத்த பாதி பாக்கி. ஒருவன் முதுகில் தட்டிக் கொடுத்தேன். பந்தியில் அவன் சாப்பிட்டதெல்லாம் என் வேட்டிக்கு வந்தது. எலுமிச்சம்பழம் கொண்டுவரவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கரீம் பாய் மெல்ல இறங்கி வந்து கடலைப் பொட்டலத்தை நீட்டினார்.

"இன்னா மேனேஜர், நாஷ்டா துன்றியா?"

பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது. ஆனால் அது வெடித்த ஏரி. பிளக்க வேண்டிய அளவுக்கு ஏற்கெனவே பிளந்திருந்தது.

இரண்டாம் பாதியில்தான் சவரியைப் பார்த்தோம். எங்கள் ஆட்கள் யாரும் நகரவில்லை. தாமல்காரர்கள் சந்தைக்குப் போவது போல வந்து வந்து உதைத்தார்கள். சவரி இடப்பக்கம் விழுந்தான், வலப்பக்கம் விழுந்தான், முட்டி கிழிந்து ரத்தம் வந்தது, மறுபடி எழுந்தான். மூக்கால் ஒரு பந்தைத் தடுத்தான். மில் சார் குடையை மடக்கிவிட்டு எழுந்து நின்றார். ஏழு கோலோடு முடிந்தது. அவன் இல்லாவிட்டால் அதை எண்ண வேறு ஆள் வைத்திருக்கவேண்டும்.

"இந்த டீமுக்கு யாருய்யா மேனேஜர்?" என்று கேட்டார் மில் சார். பதினோரு விரல்களும் என்னைக் காட்டின.

"இவ்ளோ மட்டமான டீமை நான் பாத்ததில்ல. நல்ல வேளை. இல்லன்னா இந்தக் கோலி எப்படிப்பட்டவன்னு எனக்குத் தெரிஞ்சிருக்காது" என்றார். என் சொந்தக் கொள்கை, என் கன்னத்திலேயே.

சவரியைக் கூட்டிக்கொண்டு போனார். ஆரோக்கியம் ஏரிக்கரையில் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. வீட்டுக்குப் போய் ரோசியிடம், "என்னாலதான் உன் கல்யாணம் கெட்டுப்பூட்ச்சி" என்றேன். அவள் முதுகைக் காட்டிக்கொண்டு சட்டி தேய்த்துக்கொண்டிருந்தாள். தோள்கள் குலுங்கின. அந்தக் குலுக்கலைப் பார்க்க முடியாமல் வெளியே வந்துவிட்டேன்.

நைனா சொன்ன சொல் மாறாதவர். மில் வேலைக்காரனுக்குப் பெண் என்றார்; மில் வேலை சவரிக்குக் கிடைத்தது. ஆவணியில் ரோசி சவரிக்கு வாழ்க்கைப்பட்டாள். பாய் மறுபடி மேனேஜரானார். அடுத்த வருஷமே ஆரோக்கியமும் வேறொரு மில்லுக்குப் போய்ச் சேர்ந்தான். எனக்கு அப்போதுதான் தூக்கம் வந்தது.

பல வருஷம் கழித்து ஒரு கிறிஸ்துமஸ். பெரம்பூரில் ரோசி வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம், ஆரோக்கியமும் குடும்பத்தோடு வந்திருந்தான். நான் வழக்கம்போல உலகத்து மேனேஜர்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன். ரோசி கறிக் கரண்டியோடு ஆரோக்கியத்தின் பக்கம் வந்தாள்.

"வேணாம் ரோசி. அன்னிக்கு நீ போட்டதே இன்னும் செரிக்கல" என்றான்.

"கோவிச்சிக்காத ஆரோக்கியம். நானு போட்டது எதுக்கு? நீ ஓடக் கூடாதுன்னுதான்."

சவரி நிமிர்ந்து பார்த்தான். "எனுக்குக் கறி தீந்துபூட்ச்சின்னியே?"

"சட்டில பாதி இருந்திச்சி. நீ ஒருத்தனாவது நிக்கணுமில்ல."

ஆரோக்கியம் சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. அவன் தலையில் தட்டியவள் அவன் பெண்சாதி.

இப்போதும் ரோசி வீட்டில் எங்கள் பேரப்பிள்ளைகள் டீவி முன்னால் உட்கார்ந்து, எந்த மேனேஜர் நிஜமாகவே பெரியவர் என்று அடித்துக்கொள்கிறார்கள். நான் தொண்டையைச் செருமுவேன். ஒருவரும் திரும்ப மாட்டார்கள். "சும்மா இரு தாத்தா. மேனேஜர் ஆயாவே சொல்லட்டும்" என்று எல்லோரும் சமையலறைப் பக்கம் பார்ப்பார்கள்.